சாந்தோம் காருக்கு ‘விண்டர் வீல்’ எதற்கு? டேஷ்போர்டில் எரியும் அந்த மஞ்சள் விளக்கைக் கவனியுங்கள்!

சொகுசு எஸ்.யு.வி வாங்கியவர்கள் சக்கரம் பற்றி யூடியூபில் தேடினால், முதலில் வந்து நிற்பது வெளிநாட்டு வீடியோக்கள்தான். ‘குளிர்காலம் வருது, தனி வீல், தனி டயர், தனி சென்சார் வாங்கி வைங்க’ என்பார்கள். அவர்களுக்கு அது சரி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படியே கட்டாயம். சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகி, பிடிமானம் குறைந்துவிடும்.

சாந்தோமில் மார்கழி விடியற்காலையே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்த மென்மையான ரப்பர் இங்கே சீக்கிரம் தேய்ந்துபோகும். நம் குளிர்காலம் என்பது வடகிழக்குப் பருவமழைதானே? அதற்குத் தேவை, நல்ல ஆழமான பள்ளங்கள் உள்ள டயர். சட்டம் 1.6 மி.மீ வரை விட்டுவைக்கிறது; 3 மி.மீ ஆனதுமே மாற்றிவிடுங்கள். தேங்கிய தண்ணீரை டயர் வெளியே தள்ளாவிட்டால், இரண்டு டன் வண்டியும் படகாகிவிடும்.

அழகுக்காக 22 இன்ச் அலாய் மாட்டுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வீல் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குட்டையாகும். மழைநீர் மறைத்த குழியில் இறங்கினால் அடி நேராக வீலுக்குத்தான். உங்கள் மாடலுக்கு நிறுவனம் அனுமதித்த அளவுகளில் சிறியதே நம் சாலைக்கு நல்லது.

அடுத்து, காற்றழுத்த சென்சார். சில கார்களில் தனி சென்சாரே இருக்காது. சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துக் கணக்கிடும். அவற்றில் காற்று பிடித்ததும் ‘ரீசெட்’ செய்ய வேண்டும். மற்றவற்றில் ஒவ்வொரு வால்விலும் ஒரு சென்சார். அதன் பேட்டரி 5 முதல் 10 ஆண்டு வரும். பழைய கார் என்றால், டயர் மாற்றும்போதே சென்சாரையும் மாற்றினால் கூலி ஒருமுறையோடு போகும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் மூலம் மலிவாக வரவழைக்காதீர்கள். அங்கே பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், இங்கே 433. இரண்டும் பேசிக்கொள்ளாது.

கடற்கரை வாசிகளுக்கு இன்னொரு தொல்லை, உப்புக்காற்று. இந்த வால்வுகள் பெரும்பாலும் அலுமினியம். உள்ளே சாதாரண பித்தளை ஊசியைப் போட்டால், இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது வால்வே உடையலாம். நிக்கல் பூசிய ஊசி, பிளாஸ்டிக் மூடி என்று கேட்டு வாங்குங்கள். பஞ்சர் கடையில் டயரைக் கழற்றும் முன்பே ‘உள்ளே சென்சார் இருக்கு’ என்று சொல்லிவிடுங்கள்.

டிரைவர் ‘அந்த லைட்டு சும்மா எரியுது சார்’ என்றால் நம்பிவிடாதீர்கள். அமெரிக்க விதிப்படி அழுத்தம் 25 சதவிகிதம் குறைந்திருந்தால் விளக்கு எரிய வேண்டும். அதாவது 36 பி.எஸ்.ஐ இருக்க வேண்டிய டயர் 27-க்கு வந்திருக்கும். அந்த டயரோடு ஈ.சி.ஆரில் விரட்டினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கக்கூடும். விளக்குக்குக் காத்திருக்காமல், மாதம் ஒருமுறை காலையில் வண்டியை எடுக்கும் முன் பாருங்கள். ஓடிய டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். சரியான அளவு டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும்.

அப்படியே டிக்கியையும் திறந்து பாருங்கள். அழுத்த சென்சாரும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020-லேயே விதி திருத்தப்பட்டுவிட்டது. உங்கள் காரில் ஸ்டெப்னிக்குப் பதில் பசை பாட்டில்தான் இருக்கிறதா? அதில் காலாவதி தேதி அச்சிட்டிருப்பார்கள்.