சென்சார் வைத்தாலும் கண்ணுக்குத் தப்பும் மூலைகள்!

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலைக் கணக்குப்படி மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ., திண்டிவனத்தில் ஏறத்தாழ 37 செ.மீ. மழை. இரண்டு ஊருக்கும் இடையே 20 கிலோமீட்டர்கூட இல்லை. மழைமானி, தான் நிற்கும் இடத்து மழையைத்தான் சொல்லும். அடுத்த ஊர் மழைக்கு அது சாட்சியாகாது.

மண்ணில் நடும் சென்சாரும் அப்படியே. மரக்காணம் கரையோரத்தில் உப்பளமும் கழுவேலியும் நெல் வயலும் அருகருகே கிடக்கின்றன. மேட்டுப் பக்கம் மண் நன்றாக இருக்கும். உப்பளத்தை ஒட்டிய பள்ளம் உவராக இருக்கும். மேட்டில் மட்டும் சென்சார் வைத்தால், கைபேசியில் 'எல்லாம் சரி' என்று வரும். பள்ளத்தில் பயிர் கருகிக்கொண்டிருக்கும்.

ஆகவே, எத்தனை சென்சார் என்பதைவிட எந்த இடம் விடுபட்டது என்பதே முக்கியம். தனியாகவோ குழுவாகவோ வாங்குவோர் இவற்றைக் கவனிக்கலாம்:

* முதலில் மேடு, பள்ளம், வாய்க்கால் ஓரம் என நிலத்தைப் பிரித்து, தனித்தனியாக மண் பரிசோதனை செய்யுங்கள். மண் மாறும் ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது ஒரு சென்சார் வேண்டும்.

* உப்பு ஏற வாய்ப்புள்ள பக்கத்தில் இரண்டாக வையுங்கள். உப்புக்காற்றில் இணைப்புக் கம்பிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும்.

* வளர்ந்த பயிர் அலையைத் தடுக்கும். நாற்று நட்ட அன்று கிடைத்த சிக்னல் கதிர் விடும்போது கிடைக்காமல் போகலாம். ஆன்டெனாவைப் பயிர் உயரத்துக்கு மேல் நிறுத்துங்கள்.

* பேட்டரியை மிச்சப்படுத்த சென்சார் தூங்கி விழித்துத் தகவல் அனுப்பும். பேட்டரி தீர்ந்தாலும், சில செயலிகளில் பழைய அளவே நிற்கும். எண்ணைப் பார்க்கும் முன் அது வந்த நேரத்தைப் பாருங்கள்.

* விலை மலிவான ஈரப்பத சென்சார்கள் உவர் மண்ணில் உள்ளதைவிடக் கூடுதல் ஈரம் காட்டக்கூடும். அதை நம்பித் தண்ணீரை நிறுத்தினால் பயிர் வாடிவிடும். வாரம் ஒருமுறை வேர் ஆழத்து மண்ணைத் தோண்டி, கையில் பிடித்துப் பார்த்து ஒப்பிடுங்கள்.

விற்பனையாளரிடம் 'எவ்வளவு தூரம் எடுக்கும்?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'ஒன்று நின்றுவிட்டால் எந்த இடம் தெரியாமல் போகும், அது எனக்கு எப்படித் தெரியும்?' என்றும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.