உங்களுக்குத் தெரியுமா? சாயம் ஓடிய ஆற்றை மீட்ட பெண்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள நாஷுவா ஆறு 1960-களில் ஒருநாள் சிவப்பாக ஓடும், இன்னொரு நாள் பச்சையாக ஓடும். கரையிலிருந்த காகித ஆலைகளில் அன்றைக்கு எந்த நிறத் தாள் தயாரானதோ, அந்தச் சாயமே ஆற்றிலும் கலந்தது. போதாக்குறைக்கு ஊர்க் கழிவுநீரும் சேர்ந்துகொண்டது.

1962-இல் க்ரோட்டன் என்ற ஊரில் குடியேறிய மரியன் ஸ்டோடார்ட் விஞ்ஞானியோ வழக்கறிஞரோ அல்ல. குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்த இல்லத்தரசி. ஆற்றைத் தூய்மையாக்குவதை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். ஆலைகளை மூடச் சொல்லி அவர் போராடவில்லை. ஆலை நிர்வாகிகளையும் தொழிற்சங்கத்தாரையும் ஊராட்சியினரையும் ஒரே அணியாகத் திரட்டினார். அவருடைய பெரிய பலம் இதுதான். மக்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அழுக்கு ஆற்றுநீரை ஒரு புட்டியில் அடைத்து ஆளுநர் ஜான் வோல்பியிடம் கொடுத்தார். (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர், நம் முதலமைச்சரைப் போல.)

1966-இல் மாநிலத்தின் தூயநீர்ச் சட்டம் வந்தது. 1969-இல் நாஷுவா ஆற்றுப் படுகைச் சங்கம் உருவானது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. அவை மட்டும் போதாது என்பது மரியனின் கருத்து. ஆற்றின் இரு கரைகளிலும் கட்டடம் எழாத பசுமைப் பட்டை வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் நிலம் நிலமாகப் பேசி அதைச் சாதித்தார்.

1987-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘குளோபல் 500’ விருது அவருக்குக் கிடைத்தது. 2019-இல் அந்த ஆற்றின் ஒரு பகுதி அமெரிக்க மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட இயற்கை ஆறுகள் பட்டியலில் இடம்பெற்றது.