வருமானமும் விலாசமும்: அமெரிக்க முன்னாள் படைவீரரின் மருத்துவச் செலவு

அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றி வெளிவந்தவர்களுக்கு மருத்துவம் அளிப்பது முன்னாள் படைவீரர் நலத்துறை. அதை எல்லோரும் ‘வி.ஏ.’ என்றே சொல்வார்கள். ஏறத்தாழ 90 லட்சம் பேர் அதில் பதிந்திருக்கிறார்கள். படையில் இருந்தவருக்கு வைத்தியம் முழுக்க இலவசம் என்ற எண்ணம் அமெரிக்கர்களிடையேகூட உண்டு. அது சரியல்ல. பணியால் வந்த உடல்நலக் கேடு, குடும்ப வருமானம், வசிக்கும் ஊர் ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் கட்டணம் முடிவாகிறது.

1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த முன்னுரிமைக் குழுக்கள் இன்று எட்டு. பணியால் 50 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுற்றவர்கள் முதல் குழு. அவர்களுக்குச் சிகிச்சைக்கும் மருந்துக்கும் கட்டணமே இல்லை. 10 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் சிகிச்சை இலவசம், சில மருந்துகளுக்கு மட்டும் சிறு தொகை. எதிரியிடம் போர்க் கைதியாக இருந்தவர்களுக்கும் போரில் காயமுற்றதற்கான ‘பர்ப்பிள் ஹார்ட்’ பதக்கம் பெற்றவர்களுக்கும் மூன்றாம் குழுவில் இடம். இவர்களிடம் வருமானக் கணக்கைப் பார்த்துச் சிகிச்சைக் கட்டணம் விதிப்பதில்லை. உடம்பில் தழும்பில்லாமல் பணி முடித்து வந்தவர்களுக்குத்தான் வருமானம் கேள்வியாகிறது.

பதிவுப் படிவத்தில் அவர்கள் முந்தைய ஆண்டின் குடும்ப வருமானத்தை எழுத வேண்டும். மனைவி அல்லது கணவரின் சம்பாத்தியமும் அதில் சேரும். கைக்காசு போட்டுச் செய்த மருத்துவச் செலவில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளலாம். அவரை நம்பியிருப்பவர்கள் கூடக்கூட வரம்பும் கூடும். நாடு முழுவதற்கும் பொதுவான வரம்புக்குக் கீழே இருந்தால் ஐந்தாம் குழு. டாக்டரைப் பார்க்கவும் ஆஸ்பத்திரியில் தங்கவும் பணம் கட்ட வேண்டாம்.

ஆனால் ஒரே சம்பளம் எல்லா ஊரிலும் ஒரே வாழ்க்கையைத் தருவதில்லை. இதை உணர்ந்து, 2002 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் இரண்டாவதாக ஓர் ஊர்வாரி வரம்பைக் கொண்டுவந்தது. வீட்டுவசதித் துறை ஒவ்வொரு கவுண்டிக்கும், அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவுக்கும், ‘குறைந்த வருமானம்’ எது என்று அறிவிக்கிறது. அந்த வட்டாரத்தின் குடும்ப வருமான இடைநிலை அளவில் 80 சதவீதம் என்பது அதன் அடிப்படை. பொது வரம்பைத் தாண்டினாலும் ஊர் வரம்புக்குள் இருப்பவர் ஏழாம் குழு. இரண்டையும் தாண்டியவர் எட்டாம் குழு.

இந்த ஒரு படி வித்தியாசம் ஆஸ்பத்திரி பில்லில் தெரியும். 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி எட்டாம் குழுக்காரர் உள்நோயாளியாகச் சேர்ந்தால் முதல் 90 நாளுக்கு 1,632 டாலரும், அத்துடன் நாளொன்றுக்கு 10 டாலரும் கட்ட வேண்டும். ஏழாம் குழுவுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு: 326.40 டாலர், நாளுக்கு 2 டாலர். பத்து நாள் படுத்து எழுந்தால் ஒருவருக்கு 1,732 டாலர், மற்றவருக்கு 346.40 டாலர். வெளிநோயாளிக் கட்டணத்தில் இந்தச் சலுகை இல்லை. பொது மருத்துவரைப் பார்க்க 15 டாலர், சிறப்பு மருத்துவருக்கு 50 டாலர் என்பது இருவருக்கும் ஒன்றே.

இதைவிடப் பெரிய இழப்பு கதவிலேயே நிகழ்கிறது. பணமும் இடமும் போதவில்லை என்று 2003 ஜனவரி 17 முதல் எட்டாம் குழுவில் புதிதாகச் சேர்ப்பதை வி.ஏ. நிறுத்தியது. 2009இல் விதி சற்றுத் தளர்ந்தது. வரம்பை 10 சதவீதத்துக்கு மிகாமல் தாண்டியவர்கள் சேரலாம். அதற்கு மேல் சம்பாதிப்பவர், வேறு தகுதி ஏதும் இல்லையென்றால், இன்றும் வெளியேதான்.

1980களில் ஜெர்மனியிலிருந்த அமெரிக்கத் தளத்தில் பணிபுரிந்து, ஊனமோ நச்சுப்பொருள் பாதிப்போ இல்லாமல் திரும்பிய இருவரை எடுத்துக்கொள்வோம். இருவரும் தனியாள், ஆண்டு வருமானம் 80,000 டாலர். ஒருவர் சான் பிரான்சிஸ்கோவில் குடியிருக்கிறார். அங்கே தனியாளுக்கான வரம்பு அண்மை ஆண்டுகளில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிட்டதால் அவர் ஏழாம் குழுவில் சேர்கிறார். மற்றவர் மிசிசிப்பி கிராமப்புறத்தில் இருக்கிறார். அங்கே வரம்பு அதில் பாதிகூட இல்லை. அவருக்குப் பதிவே கிடையாது. வாடகையை மட்டும் பார்த்தால் இது நியாயமே. ஆனால் இதய அறுவை சிகிச்சையின் விலை வாடகையோடு சேர்ந்து குறைவதில்லை. சலுகையைக் கூட்டவோ குறைக்கவோ ஊர் வரம்பைப் பயன்படுத்துவது சரி; ஒருவரை அடியோடு விலக்கவும் அதையே அளவுகோலாக்குவது சரியல்ல.

ஊர் இன்னொரு வகையிலும் செலவு வைக்கிறது: தூரம். முன்னாள் படைவீரரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கிராமப்புறவாசி. அலாஸ்கா போன்ற மாநிலத்தில் முழுவசதி கொண்ட வி.ஏ. ஆஸ்பத்திரியே இல்லை. போகவர 200 மைல் காரோட்டி வருபவருக்கு வி.ஏ. தரும் பயணப்படி மைலுக்கு 41.5 சென்ட் வீதம் 83 டாலர் கணக்காகும். அதில் 6 டாலரைக் கழித்து 77 டாலர் கையில் வரும். மாதம் ஒன்றுக்கு 18 டாலருக்கு மேல் இப்படிக் கழிக்க மாட்டார்கள். பயணம் முடிந்த 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் பணியால் 30 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுற்றவர்கள், பணியால் வந்த நோய்க்குச் சிகிச்சைக்குப் போகிறவர்கள், மிகக் குறைந்த வருமானக்காரர்கள் என்று சிலருக்கே இந்தப் படி உண்டு. ஏழாம் எட்டாம் குழுவினர் பெரும்பாலும் சொந்தப் பணத்தில்தான் பெட்ரோல் போட வேண்டும்.

ஊருக்குப் பக்கத்திலேயே தனியார் டாக்டரைப் பார்க்கவும் வழி உண்டு. 2014ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு 40 மைல் என்று எல்லை வைத்தது. முதலில் அந்த 40 மைலை வரைபடத்தில் நேர்க்கோட்டில் அளந்தார்கள். சாலைத் தூரம் அதைவிட அதிகமாகலாம் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. எதிர்ப்புக்குப் பின் 2015இல் சாலைத் தூரத்துக்கு மாற்றினார்கள். 2019 ஜூன் முதல் தூரத்துக்குப் பதில் நேரம்: பொது மருத்துவத்துக்கும் மனநல சிகிச்சைக்கும் 30 நிமிடப் பயணம், சிறப்பு மருத்துவத்துக்கு 60 நிமிடம். அதற்கு மேலானால் வி.ஏ. செலவில் வெளியே பார்க்கலாம். நோயாளி கட்டும் தொகை வி.ஏ.வில் கட்டுவதுதான்.

வீரருக்கு வி.ஏ. உண்டு, குடும்பத்தாருக்குப் பொதுவாக இல்லை. வருமானம் குறைந்த குடும்பத்தார் நாடக்கூடியது ஏழைகளுக்கான ‘மெடிக்கெய்ட்’ காப்பீடு; அதை விரிவாக்குவது மாநிலத்தின் விருப்பம். முன்னாள் படைவீரர் மிக அதிகமாக வாழும் டெக்சஸும் புளோரிடாவும் அதை விரிவாக்கவில்லை.

வேலை போனாலோ வருமானம் சட்டென விழுந்தாலோ போன ஆண்டுக் கணக்கையே வைத்துக் கட்ட வேண்டியதில்லை. கஷ்ட நிலை விண்ணப்பம் ஒன்று இருக்கிறது. ஏற்கப்பட்டால் சிகிச்சைக் கட்டணத்திலிருந்து விலக்குக் கிடைக்கும். வேறு கவுண்டிக்குக் குடிபெயர்ந்தவரும் புது விலாசத்தை வி.ஏ.வுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். வரம்பு மாறினால் குழுவும் மாறக்கூடும்.