நாணயமும் நம்பிக்கையும்

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். பொதுப்பணத்தைக் கையாள்வோரிடத்து இவ்விரு பொருளும் பிரியாது நிற்றல் வேண்டும். பிரியுமிடத்தே ஊழல் பிறக்கிறது. கருவூலத்திற்கு நேர்ந்த இழப்பைக் கணக்கர் எண்ணிச் சொல்லிவிடுவர். மக்கள் உள்ளத்தில் நம்பிக்கை எவ்வாறு குறைகிறது, மீண்டும் எவ்வாறு துளிர்க்கிறது என்பதை நாம் ஆராய்ந்தே அறிதல் வேண்டும்.

அரசியலில் மக்கள் வைக்கும் நம்பிக்கை இருவகைப்படும். ஒன்று ஆளின்மீது வைப்பது. மற்றொன்று அமைப்பின்மீது வைப்பது. அமைச்சர் ஒருவர் கையூட்டுப் பெற்றார் எனத் தெரியவந்தால் முன்னது அழியும். அவரை விசாரித்துத் தண்டிக்கும் வலிமை சட்டத்திற்கு உண்டெனக் கண்டால் பின்னது பிழைக்கும். அவ்வலிமை இல்லையெனக் கண்டாலோ இரண்டும் ஒருங்கே கெடும்.

சிங்கப்பூரில் 1951ஆம் ஆண்டு நிகழ்ந்த அபின் கொள்ளையில் காவல்துறையினருக்கும் பங்கிருந்தமை வெளிப்பட்டது. போலீசாரைப் போலீசாரே விசாரித்தல் போதாதென உணர்ந்து, 1952இல் இலஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவைத் தனியே அமைத்தனர். 1986இல் அப்பிரிவு தேசிய வளர்ச்சி அமைச்சரையே விசாரித்தது. 2024இல் முன்னாள் போக்குவரத்து அமைச்சர் ஒருவர் 12 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். இத்தகைய செய்திகள் மக்களுக்கு அதிர்ச்சி தருவனவே. எனினும், உயர்ந்தோரையும் சட்டம் தீண்டும் என்பதற்கு அவை சான்றாகவும் அமைந்தன.

மலேசியாவின் 1எம்டிபி விவகாரம் வேறு வழியிற் சென்றது. 2015 சூலையில், பிரதமரின் சொந்தக் கணக்கில் ஏறத்தாழ 70 கோடி அமெரிக்க டாலர் சேர்ந்ததாகச் செய்தி வெளியாயிற்று. அம்மாத இறுதியிலேயே துணைப்பிரதமரும் சட்டத்துறைத் தலைவரும் பதவியிலிருந்து அகற்றப்பட்டனர். 2016 சனவரியில் புதிய சட்டத்துறைத் தலைவர், பிரதமர்மீது குற்றமில்லை என அறிவித்தார். அதே ஆண்டு சூலையில் அமெரிக்க நீதித்துறை, 350 கோடி டாலருக்கு மேல் கையாடப்பட்டதாகக் கூறி வழக்குத் தொடுத்தது. கேட்ட கேள்விக்கு உள்நாட்டில் விடை கிடைக்காதபோது, ஐயம் ஆளைக் கடந்து அமைப்பையும் பற்றிக்கொண்டது.

2018 மே 9ஆம் நாள், விடுதலை பெற்ற காலந்தொட்டு ஆண்ட கூட்டணி முதன்முறையாகத் தோற்றது. விலையேற்றமும் பொருள் சேவை வரியும் அத்தோல்விக்குக் காரணமாயின, இவ்வூழலும் காரணமாயிற்று. நாட்டின் கடனை அடைக்க அம்மாத இறுதியில் தொடங்கிய நிதிக்கு மக்கள் 20 கோடி வெள்ளிக்கு மேல் மனமுவந்து வழங்கினர். பறிகொடுத்தவர்களே மீண்டும் கொடுத்தனர்! நம்பிக்கை சாகவில்லை, தங்குமிடம் தேடி நின்றது என்பதை இது காட்டும்.

ஆனால் 2020 பிப்ரவரியில், தேர்தலின்றியே, உறுப்பினர்களின் அணிமாற்றத்தால் அவ்வாட்சி கவிழ்ந்தது. 2018 பொதுத்தேர்தலில் 82 விழுக்காட்டினர் வாக்களித்திருக்க, 2022 மார்ச்சில் நடந்த ஜொகூர் மாநிலத் தேர்தலில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினரே வாக்களித்தனர். பெருந்தொற்று, தானாகவே நிகழும் வாக்காளர் பதிவு முதலிய பிற காரணங்களும் இதற்கு உண்டு. ஆயினும் மக்களின் சலிப்பையும் ஒரு காரணமாகக் கருத இடமுண்டு. அதே ஆண்டு ஆகஸ்டு 23இல், முன்னாள் பிரதமரின் 12 ஆண்டுச் சிறைத்தண்டனையைக் கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024இல் மன்னிப்பு வாரியம் அதனைப் பாதியாகக் குறைத்தது. தீர்ப்பினால் தேறிய நம்பிக்கை, குறைப்பினால் பலரிடத்தில் மீண்டும் தளர்ந்தது.

"எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்" என்று தோட்டத்து மக்கள் சொல்லக் கேட்கிறோம். இச்சொல் நேர்மையற்றவனை வருத்தாது, நேர்மையாளனையே தளர்த்தும். எல்லாரும் கள்வர் எனின், கள்வனைத் தேர்ந்து விலக்குவது எங்ஙனம்? வாக்குச் சாவடிக்குச் செல்லாதவர் கேள்வி கேட்கும் உரிமையையும் தாமே தளர்த்திக்கொள்கின்றார் அல்லரோ?

வள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரம் வகுத்தார். ஈண்டுத் 'தெளிதல்' என்பதற்கு நம்புதல் என்பது பொருள். ஆராய்ச்சி முன்னும் நம்பிக்கை பின்னுமாக நிற்கும் அவ்வரிசையை மாணவர்க்குப் பயிற்றுதல் ஆசிரியர் கடமை. வகுப்பு நிதியாகப் பத்து வெள்ளியே திரட்டினாலும், அதன் வரவு செலவைப் பலகையில் எழுதி வைப்போமாக. கணக்குக் கேட்பது பகைமையாகாது, கணக்குக் காட்டுவது இழிவாகாது என்று இளமையிற் கற்ற பிள்ளை, நாளை வாக்காளனாகும்போதும் அதனை மறவான்.