எம்.ஜி.பி மகிழுந்தின் மின்னமைப்புப் பராமரிப்பு

எம்.ஜி.பி என்பது இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட விளையாட்டு வகை மகிழுந்து ஆகும். இதன் மின்கருவிகள் பெரும்பாலும் லூக்காஸ் நிறுவனத்தின் தயாரிப்புகள். விளக்கு அணைந்தாலே லூக்காஸைக் கேலி செய்வது ஆர்வலர்களின் வழக்கம். ஆனால் இத்தனை பழைய வண்டியில் துருவையும் தளர்ந்த இணைப்பையுமே முதலில் பார்க்க வேண்டும்.

மின்னோட்டம் வண்டியின் உலோக உடல் வழியாகவே மின்கலத்துக்குத் திரும்புகிறது. எனவே எர்த் இணைப்பில் துரு படிந்தால் மின்தடை கூடி விளக்கு மங்கும். இணைப்பைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மின்னுருகிகளில்தான் ஆபத்து மறைந்திருக்கிறது. லூக்காஸ் உருகியில் உள்ள 35 ஆம்பியர் என்ற குறி, அது உருகும் அளவைக் குறிக்கிறது. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியரே. தொடர்ந்து 35 ஆம்பியர் தாங்கும் வேறு வகை உருகியைப் பொருத்தினால், உருகி உருகுமுன் கம்பி சூடேறித் தீப்பிடிக்கலாம். முகப்பு விளக்குகளுக்கும் எரியூட்டலுக்கும் செல்லும் கம்பிகளுக்குத் தொடக்கத்தில் உருகியே இல்லை. அவற்றின் உறை தகட்டு விளிம்பில் உராய்ந்து தேய்ந்துள்ளதா என அவ்வப்போது பார்க்க வேண்டும்.

வேலை தொடங்குமுன் மின்கலத்தின் எர்த் கம்பியையே முதலில் கழற்ற வேண்டும். பிறகு திருகுச்சாவி வண்டியின் உடலில் பட்டாலும் பொறி பறக்காது. 1967 இறுதிக்கு முந்தைய வண்டிகளில் எர்த் என்பது நேர்முனை, பிந்தையவற்றில் எதிர்முனை. பழைய வண்டிகள் பல கைமாறியவை, இடையில் மாற்றப்பட்டும் இருக்கலாம். ஆகவே தயாரிப்பு ஆண்டை நம்பாமல், உடலோடு இணைந்துள்ள முனை எது என்று நேரில் பார்ப்பதே சரி.