சாப்பாடு இறங்காததற்குக் காரணம் என்ன?



"ஐயா, எவ்வளவு கெஞ்சினாலும் சாப்பிட மாட்டேன் என்கிறார். நீங்களாவது புத்தி சொல்லுங்கள்." நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் வருந்தும் வியாதியஸ்தர்களின் வீட்டார் எங்களிடம் அடிக்கடி சொல்லும் குறை இது. புத்தி சொல்லுமுன் இரண்டு காரியங்களைக் கேட்டறிய வேண்டும்: மூச்சு எப்படியிருக்கிறது? என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்?

பீடி, சிகரெட், விறகடுப்புப் புகை ஆகியவை இந்நோய்க்கு முக்கிய காரணங்கள். 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 35 லட்சம் பேர் இதனால் மரித்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவர்களுக்கு மூச்சு விடுவதே பெரும் பிரயாசம். உண்ட ஆகாரத்தின் சக்தியில் நல்ல பங்கு அதற்கே செலவாகிறது. வயிறு நிரம்பினாலோ மூச்சு இன்னும் முட்டுகிறது. ஆகவே பாதியிலேயே தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். உடல் மெலியும்போது மூச்சுக்கு உதவும் தசைகளும் மெலிகின்றன.

இதனுடன் மருந்துகளின் பக்கவிளைவும் சேர்ந்துகொள்கிறது. தியோஃபிலின் மாத்திரை சிலருக்குக் குமட்டலை உண்டாக்கிப் பசியைக் கெடுக்கும். பீடியை விட்டவுடன் இம்மருந்து இரத்தத்தில் முன்னைவிட அதிகமாகத் தங்கும். நல்ல காரியம் செய்தவருக்கே வாந்தி வரக்கூடும். இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு மருந்தால் நாவில் வெண்படலம் படர்ந்து ருசி கெடலாம். ஸ்டீராய்டு மாத்திரை பசியைத் தூண்டினாலும், நெடுநாள் தொடர்ந்தால் தசையும் எலும்பும் பலம் குன்றும்; இரத்தத்தில் சர்க்கரையும் ஏறும்.

அதற்காக மருந்தைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. நெடுநாள் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று விடுவது உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார். புகைப்பதை விட்டதையும் அவரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தபின் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையை ஆகாரத்துக்குப் பின்பு சாப்பிட வேண்டும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள். சாப்பிடுமுன் சற்று இளைப்பாறட்டும். வெறுங்கஞ்சியோடு விடாமல் முட்டை, பால், மீன், பருப்பு, வேர்க்கடலை ஆகியவற்றைச் சேருங்கள். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு மாத்திரம் மருத்துவரின் யோசனைப்படி கொடுங்கள்.

மெலிந்துபோன இந்நோயாளிகளுக்கு ஊட்டமான ஆகாரம் கொடுத்தால் எடை கூடுகிறதென்று 2012-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. ஆகவே இத்தகையோரைச் சந்திக்கச் செல்லும்போது, "ஏன் சாப்பிடவில்லை?" என்று கடிந்துகொள்ளாதிருப்போம். "சாப்பிடும்போது என்ன செய்கிறது?" என்று கேட்போம். அவர்கள் சொல்லும் பதிலை மருத்துவரின் காதில் போடுவோம். அதுவே ஒரு பெரிய உதவி.