அமெரிக்க வீடுகளில் ஷாட்கன்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? அங்கே போகும் நீங்கள் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள். நள்ளிரவு. மாடிப்படிக்குக் கீழே ஏதோ சத்தம். வீட்டுக்காரர் நீளமான துப்பாக்கியை எடுத்து 'ச்சக்-ச்சக்' என்று ஓர் இழுப்பு இழுப்பார். அவ்வளவுதான், திருடன் ஓட்டம் பிடிப்பான்.

அந்தத் துப்பாக்கிதான் ஷாட்கன். சிங்கப்பூரில் அதை வீட்டில் வைத்திருப்பது பற்றி நாம் யோசிப்பதுகூட இல்லை. அமெரிக்காவின் பல ஊர்களிலோ விளையாட்டுப் பொருள் கடையிலேயே அது விற்பனைக்கு இருக்கும்.

நீங்கள் அங்கே படிக்கவோ வேலைப் பயிற்சிக்கோ போனால், அறைத்தோழரின் அலமாரியில் ஒன்று இருக்கலாம். விடுமுறைக்கு உங்களை அழைக்கும் நண்பரின் வீட்டில் இருக்கலாம். அதனால், அவர்கள் அதை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், எது உண்மை, எது சினிமா என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஏன் ஷாட்கன்?

தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. எந்தத் துப்பாக்கி என்பது வீட்டுக்காரரின் முடிவு.

பலர் ஷாட்கன் பக்கம் சாய்வதற்குச் சில காரணங்கள் உண்டு. இரண்டு கைகளாலும் பிடித்து, தோளில் ஊன்றிச் சுடுவதால் கைத்துப்பாக்கியைவிடக் குறிவைப்பது எளிது. விலையும் பெரும்பாலும் குறைவு. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஷாட்கன் வாங்க மத்திய சட்டப்படி 18 போதும். சில மாநிலங்கள் இன்னும் கடுமையான விதிகளை வைத்திருக்கின்றன.

கிராமப்புறங்களில் இன்னொரு காரணமும் உண்டு. வாத்து வேட்டைக்குத் தாத்தா வாங்கியது ஏற்கெனவே வீட்டில் இருக்கும்!

12-கேஜ், 20-கேஜ் என்றால் என்ன?

ஷாட்கனின் குழல் உள்பக்கம் வழவழப்பாக இருக்கும். ஒரு தோட்டாவுக்குள் பொதுவாகப் பல ஈயமணிகள் இருக்கும். குழலின் அகலத்தைச் சொல்லும் அளவுதான் கேஜ்.

கணக்கு கொஞ்சம் வேடிக்கையானது. ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் ஈயத்தை 12 சம உருண்டைகளாகப் பிரியுங்கள். அதில் ஓர் உருண்டையின் அகலமே 12-கேஜ் குழலின் அகலம்: ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டைகளாகப் பிரித்தால் 20-கேஜ்: ஏறக்குறைய 15.6 மில்லிமீட்டர். ஆக, எண் கூடக் கூடக் குழல் சிறிதாகும்.

'பெரிசா வாங்கினா நல்லதுதானே?' என்று கேட்கலாம். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பள்ளியில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதி ஞாபகம் இருக்கிறதா? முன்னால் எவ்வளவு வேகம் போகிறதோ, அதற்கேற்ற உதை தோளில் விழும். 12-கேஜின் உதை பலமானது. அதற்குப் பயந்து பயிற்சிக்கே போகாதவர் கையில் அந்தத் துப்பாக்கி இருந்து என்ன பயன்?

அதனால்தான் உடல்வாகு சிறியவர்களுக்கு 20-கேஜ், அல்லது உதை குறைவாக உள்ள 12-கேஜ் தோட்டா என்று பயிற்றுநர்கள் பரிந்துரைப்பதுண்டு.

தோளில் வைக்கும் கட்டையின் நீளமும் முக்கியம். வழக்கமான கட்டை, விசையிலிருந்து சுமார் 14 அங்குல நீளம் இருக்கும். கை குட்டையானவருக்கு அது சரிப்படாது. சிறிய கட்டையோடும் கிடைக்கிறது. சட்டை வாங்கும்போது போட்டுப் பார்ப்பதுபோல, இதையும் தோளில் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வீட்டில் இரண்டு பேர் பயன்படுத்துவார்கள் என்றால், சிறியவருக்குப் பொருந்துவதே இருவருக்கும் சரி.

மூன்று வகை இயக்கம்

மடக்கு வகை: நடுவில் மடக்கித் தோட்டாவைப் போடுவது. மலேசியாவில் 'செனாப்பாங் பாத்தா' என்பது இதைத்தான். எளிமையானது. ஆனால் ஒரு குழலுக்கு ஒரு தோட்டாதான்.

பம்ப் வகை: 'ச்சக்-ச்சக்' சத்தம் இதிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் முன்பிடியைப் பின்னால் இழுத்து முன்னே தள்ள வேண்டும். 1950களின் தொடக்கத்தில் வந்த ரெமிங்டன் 870 இந்த வகை. ஒரு கோடிக்கும் மேல் தயாரிக்கப்பட்டிருக்கிறது. ஒரே சிக்கல்: பதற்றத்தில் முழுமையாக இழுக்காமல் விட்டால் அடுத்த தோட்டா ஏறாது, அல்லது சிக்கிக்கொள்ளும்.

அரைத் தானியங்கி வகை: அடுத்த தோட்டா தானாக ஏறும். வாயு அழுத்தத்தில் இயங்கும் ரகங்களில் உதையும் கொஞ்சம் குறையும். விலை அதிகம்.

குழலின் நீளத்துக்கும் சட்டம் உண்டு. 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி, குழல் 18 அங்குலத்துக்குக் குறைந்தால் தனிப் பதிவு தேவை. வேட்டைக்கு 26, 28 அங்குலக் குழல் வைத்திருப்பார்கள். வீட்டுக்குள் கதவு, மூலை, மாடிப்படி என்று திரும்ப வேண்டியிருப்பதால் 18 முதல் 20 அங்குலம் வரை உள்ளதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

தோட்டா எங்கே போய் நிற்கும்?

துப்பாக்கியைவிட இந்தக் கேள்விதான் பெரியது.

வீவக வீட்டுச் சுவரைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் கான்கிரீட். அமெரிக்க வீடுகளின் உட்சுவர் அப்படி இல்லை. மரச்சட்டத்தின் இரு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவில் வெற்றிடம். கையால் ஓங்கிக் குத்தினாலே ஓட்டை விழும்.

ஷாட்கன் தோட்டாவில் மூன்று ரகம் உண்டு. பறவை வேட்டைக்கான தோட்டாவில் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு மணிகள். மான் வேட்டைக்கான 'பக்‌ஷாட்' தோட்டாவில் பெரிய மணிகள். பரவலாக விற்கும் 'டபுள்-ஓ' ரகத்தில் ஏறக்குறைய 8.4 மில்லிமீட்டர் அகலத்தில் எட்டு அல்லது ஒன்பது மணிகள். 'ஸ்லக்' என்பது ஒரே பெரிய ஈயக்குண்டு.

தற்காப்புக்குப் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது பக்‌ஷாட். ஆனால் அது ஜிப்சம் சுவரில் நிற்காது. குறி தவறினால் அடுத்த அறைக்கும், அதற்கடுத்த அறைக்கும் போகும். ஸ்லக் இன்னும் மோசம். பறவைத் தோட்டா சுவரில் சீக்கிரம் வேகம் இழக்கும். ஆனால் ஆளைத் தடுக்கும் ஆற்றலும் குறைவு. சுவரைத் துளைக்காமல் ஆளை மட்டும் தடுக்கும் தோட்டா என்று ஒன்று இல்லை.

எனவே பொறுப்புள்ள வீட்டுக்காரர் முதலில் செய்வது வீட்டைச் சுற்றிப் பார்ப்பதுதான். பிள்ளைகளின் அறை எந்தப் பக்கம்? பக்கத்து வீட்டுச் சன்னல் எங்கே? எந்தத் திசையில் சுடவே கூடாது?

சினிமா சொல்லும் மூன்று கதைகள்

'குறிவைக்கவே வேண்டாம், சுட்டால் அறை முழுக்கப் பரவும்.' இல்லை. ஒரு கஜ தூரத்துக்கு ஓர் அங்குலம் பரவும் என்பது பழைய தோராயக் கணக்கு. ஓர் அறையின் நீளம் ஐந்து மீட்டர் என்றால், மணிகள் உங்கள் விரித்த கையின் அகலத்துக்குள்ளேயே விழும். குறிவைத்துத்தான் ஆக வேண்டும்.

'அந்தச் சத்தமே போதும்.' பயந்து ஓடலாம். ஓடாமலும் இருக்கலாம். வந்தவரிடமும் துப்பாக்கி இருந்தால், நீங்கள் நிற்கும் இடத்தை நீங்களே காட்டிக்கொடுத்துவிடுவீர்கள்.

'வானத்தை நோக்கி ஒரு வெடி போடு.' 2013இல் அப்போதைய துணை அதிபர் ஜோ பைடன், ஏதாவது பிரச்சினை என்றால் பால்கனிக்கு வந்து இரட்டைக்குழல் ஷாட்கனால் இரண்டு முறை சுடும்படித் தம் மனைவியிடம் சொல்லியிருப்பதாகக் கூறினார். அது பெரிய சர்ச்சையானது. பல இடங்களில் அப்படிச் சுடுவதே குற்றம்.

பூட்டு இல்லாத துப்பாக்கி யாருக்குச் சொந்தம்?

கையில் யார் எடுக்கிறாரோ, அவருக்கு. அது குழந்தையாக இருக்கலாம், மனமுடைந்த பதின்ம வயதினராக இருக்கலாம், திருட வந்தவராகவும் இருக்கலாம்.

ஷாட்கனைத் தலையணைக்கு அடியில் வைக்க முடியாது. அலமாரி மூலையில் சாய்த்து வைப்பதுதான் பலருடைய பழக்கம். ஆபத்தும் அங்கேதான். பல ரகங்களில் பாதுகாப்புப் பொத்தான் விசையை மட்டுமே பூட்டும். தோட்டா ஏற்றிய நிலையில் கீழே விழுந்தால் வெடிக்க வாய்ப்புண்டு. அதனால் தோட்டா அறையைக் காலியாக வைத்து, துப்பாக்கியைச் சட்டென்று திறக்கக்கூடிய பெட்டகத்தில் பூட்டி வைக்கும்படிச் சொல்கிறார்கள். பெட்டகத்துக்குக் காசில்லை என்றால் துப்பாக்கியும் இப்போதைக்கு வேண்டாம் என்பதே சரியான கணக்கு.

கதவைத் தட்டியது யார்?

அத்துமீறி நுழைபவரை எதிர்க்க, வீட்டில் இருப்பவர் பின்வாங்க வேண்டியதில்லை என்ற சட்டக் கோட்பாடு பெரும்பாலான மாநிலங்களில் உண்டு. அதற்காக, யார் வந்தாலும் சுடலாம் என்று பொருளல்ல.

2013 நவம்பரில் மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் ஹைட்ஸ் நகரில், கார் விபத்துக்குள்ளான 19 வயதுப் பெண் ஒருவர் விடியற்காலையில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். பயந்துபோன வீட்டுக்காரர் 12-கேஜ் ஷாட்கனால் வலைக்கதவு வழியாகச் சுட்டார். அந்தப் பெண் அங்கேயே இறந்தார். அவரிடம் ஆயுதம் ஏதுமில்லை. தற்காப்பு என்ற வாதத்தை நடுவர் குழு ஏற்கவில்லை. 2014இல் அவருக்குக் குறைந்தது 17 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

1992இல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் 16 வயது ஜப்பானிய மாணவர் ஒருவர் ஹாலோவீன் விருந்துக்குப் போகும்போது வீடு மாறிப் போனார். அந்த வீட்டுக்காரர் கைத்துப்பாக்கியால் சுட்டதில் மாணவர் உயிரிழந்தார். குற்றவியல் வழக்கில் வீட்டுக்காரர் விடுவிக்கப்பட்டார். பிறகு சிவில் வழக்கில் இழப்பீடு தர உத்தரவிடப்பட்டது.

இரண்டு சம்பவங்களிலும் துப்பாக்கி பழுதாகவில்லை. எதிரே நிற்பவர் யார் என்று பார்க்கும் முன்பே விசை அழுத்தப்பட்டது. டார்ச் விளக்கு, 'யாரது?' என்ற குரல், அறையைப் பூட்டிக்கொண்டு 911க்கு ஓர் அழைப்பு: பயிற்றுநர்கள் இவற்றைத் துப்பாக்கிக்கு முன்னால் வைப்பது அதனால்தான்.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

● மாணவர் விசாவில் இருந்தால், துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. நண்பர் சொன்னார் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். விசாவோடு சேர்த்து எதிர்காலமும் போய்விடலாம்.

● அறை எடுக்கும் முன் கேளுங்கள்: 'வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பூட்டி வைத்திருக்கிறீர்களா?' அங்கே இது சாதாரணக் கேள்வி. கூச்சம் வேண்டாம்.

● யாராவது காட்டினால், 'தோட்டா இல்லை' என்று சொன்னாலும், இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். குழலின் முன்னால் நிற்காதீர்கள்.

● இரவில் முகவரி சரிதானா என்று இருமுறை பாருங்கள். தெரியாத வீட்டு வாசலில் நின்று தட்டுவதைவிட, தள்ளி நின்று தொலைபேசியில் அழைப்பது நல்லது.

● தோட்டாவையோ வெற்றுத் தோட்டாவையோ நினைவுப்பொருளாகப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பாதீர்கள். சிங்கப்பூரில் சட்டவிரோதமாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டுவரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் விதிக்கப்படலாம். மலேசியாவில் காவல்துறை உரிமத்துடன் ஷாட்கன் வைத்திருக்க முடியும். உரிமம் இல்லாவிட்டால் 14 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் காத்திருக்கின்றன.